மூன்றாம் டேபிளுக்கு என்ன ஆச்சு? பூல் டேபிள்கள் ஏன் ஒன்றுபோல் ஆடுவதில்லை

2023 அக்டோபர் 8, ஒரு வாசகர் கேட்டது

அண்ணா, இரண்டு வருடமாக ஒரே பார்லரில்தான் பூல் ஆடுகிறேன். அங்கே ஓரளவு நன்றாகவே ஆடுவேன். போன வாரம் நண்பனோடு வேறு இடத்துக்குப் போனேன். அதே ஒன்பதடி டேபிள்தான், ஆனால் ஓரத்துக் குஷனில் மோதித் திரும்பி விழ வேண்டிய பேங்க் ஷாட் ஒன்றும் விழவில்லை, குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து நினைத்த இடத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. டேபிள் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நண்பன் சிரித்துவிட்டான். அளவு ஒன்றுதானே, அப்புறம் எப்படி டேபிளுக்கு டேபிள் மாறும்? இல்லை, அவன் சொல்வதுதான் சரியா?

அக்டோபர் 8, இரவு

அந்தப் பழமொழி நிறைய இடத்தில் பொருந்தும், இங்கே பொருந்தாது. பூலில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும், அதுவும் அடிக்கடி.

ஒன்பதடி டேபிள் என்றால் குஷனுக்குக் குஷன் 100 அங்குலம் நீளம், 50 அங்குலம் அகலம். ஒன்றாக இருப்பது அது மட்டும்தான். அடியில் இருக்கும் ஸ்லேட் கல், மேலே இழுத்துக் கட்டிய துணி, குஷனுக்குள் இருக்கும் ரப்பர், அந்தக் குஷனின் மூக்கு, அதாவது பந்து மோதும் விளிம்பு, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பாக்கெட் வாய் எவ்வளவு அகலம், எந்தப் பந்து, அன்றைக்கு அறையில் எவ்வளவு ஈரம் என்று மற்றதெல்லாம் மாறும். ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறினாலே போதும், எல்லாம் சேரும்போது வேறு டேபிள் ஆகிவிடும்.

நான் பதினாறு வருடமாக ஆடுகிறேன், பெரும்பாலும் சென்னையில் ஒரே பார்லரில்தான். அங்கே ஒரே கம்பெனி செய்த, ஒரே லாரியில் வந்து இறங்கிய இரண்டு டேபிள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. மூன்றாம் டேபிள் படிக்கட்டுக் கதவை ஒட்டி, நான்காவது உள்ளே ஏசிக்குக் கீழே. நான்கில் ஆடிவிட்டு மூன்றுக்குப் போனால் வேறு ஊருக்குப் போன மாதிரி இருக்கும். மூன்றில் பந்து மெதுவாக ஓடும், பேங்க் குறுகி வரும், கதவுப் பக்க நீளக் குஷனில் பட்டால் பந்து செத்துப்போகும், மோதிய இடத்திலேயே நிற்க வேண்டிய ஸ்டாப் ஷாட்டில் வெள்ளை நிற்காமல் அரை அடி நகரும். காரணம் குஷன் ரப்பர்தான் என்று நினைக்கிறேன். ரப்பர் வயதானால் இறுகிவிடும், இறுகிய ரப்பர் துள்ளாது. அவ்வளவுதான்.

அக்டோபர் 9, காலை

சோதித்துப் பார்ப்பது எப்படி என்று எழுத மறந்துவிட்டேன். வெள்ளைப் பந்தை ஒரு மூலைப் பாக்கெட் ஓரமாக வை. எதிர் நீளக் குஷனில், உன் பக்கத்து மூலையிலிருந்து எண்ணி இரண்டாவது டைமண்டை (டேபிள் ஓரத்தில் பதித்த அடையாளப் புள்ளி) பார்த்து, பக்கச் சுழற்சி எதுவும் போடாமல், நிதானமான வேகத்தில் உருட்டு. ஒழுங்கான டேபிளில் அது திரும்பி வந்து உன் பக்கத்து நடுப் பாக்கெட்டில் விழ வேண்டும், இல்லையென்றால் வாயைத் தொட வேண்டும். பாக்கெட்டுக்கு முன்னாலேயே, உன் பக்கமாக வந்து குஷனில் இடித்தால் டேபிள் 'ஷார்ட்'. தாண்டிப் போனால் 'லாங்'.

வேகத்தை மாற்றக் கூடாது. அடித்து ஆடினால் எந்த டேபிளிலும் கோணம் குறுகும், அதை டேபிளின் குணம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஐந்து முறையாவது உருட்டிப் பார்.

நேற்று ராத்திரி நான்கில் ஐந்துக்கு நான்கு உள்ளே விழுந்தன. மூன்றில் ஐந்துமே ஷார்ட், ஒரு சாண் முன்னால்.

அக்டோபர் 14

8-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். ரப்பர்தான் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று கூட்டம் இல்லை. டேபிள்களைக் கவனிக்கும் மார்க்கர் அண்ணனிடம் கேட்டு இரண்டு டேபிள்களின் பந்துகளையும் முழு செட்டாக மாற்றிப் போட்டோம். டேபிளைத் தொடவே இல்லை, பந்தை மட்டும் மாற்றினோம். ஸ்டாப் ஷாட்டில் வெள்ளை நகரும் கோளாறு அப்படியே நான்காம் டேபிளுக்குக் குடிபோய்விட்டது! மூன்றில் வெள்ளை ஆணி அடித்த மாதிரி நின்றது. இத்தனை மாதம் டேபிளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டிலிருந்து சமையலறைத் தராசும், தெரிந்த லேத் பட்டறையிலிருந்து வெர்னியரும் எடுத்துப்போய் அளந்தேன். மூன்றாம் டேபிள் செட்டின் வண்ணப் பந்துகள் 56.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்திருக்கின்றன, எடை 164, 165 கிராம். வெள்ளை மட்டும் 57.1, எடை 169. பழைய வெள்ளை எப்போதோ உடைந்தோ தொலைந்தோ போய், புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். விதிப்படி பூல் பந்து இரண்டே கால் அங்குலம், அதாவது 57.15 மில்லிமீட்டர், எடை 156 முதல் 170 கிராமுக்குள். எடையில் எல்லாமே வரம்புக்குள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கனமான பந்து லேசான பந்தை நேராக மோதினால் தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்காது, மிச்சத்தை வைத்துக்கொண்டு முன்னால் போகும். டிரா, அதாவது பின்சுழற்சி, போட்டாலும் அதே கதைதான், பின்னால் வர வேண்டிய பந்து அந்த மிச்ச வேகத்தோடு முதலில் சண்டை போட்டாக வேண்டும்.

நாலைந்து கிராம்தான். ஆனால் கைக்குத் தெரிகிறது.

பேங்க் மட்டும் பந்து மாறியும் மூன்றில் ஷார்ட்தான். அதனால் குஷன் சந்தேகம் இன்னும் போகவில்லை.

அக்டோபர் 15

பந்தைக் கழுவினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிறைய ஆகும். இரண்டு பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று கொஞ்சம் உரசி இழுக்கும். வெட்டி ஆடும்போது அந்த இழுப்பால், அடிபட்ட பந்து வெள்ளை போன திசைப் பக்கமாகச் சற்று ஒதுங்கும். க்யூ குச்சி முனையில் தடவும் சாக் பொடியும் கை எண்ணெயும் பந்தில் படிந்திருந்தால் இழுப்பு கூடும். நீ சரியாகத்தான் வெட்டியிருப்பாய், பந்து தடித்துப் போய், அதாவது வெட்டு போதாத மாதிரி, பாக்கெட் ஓரத்தில் இடிக்கும். சுத்தமான பந்தில் பழகியவன் அழுக்குப் பந்தில் ஆடினால் முதல் அரைமணி நேரம் எல்லா கட் ஷாட்டும் தடித்துத்தான் போகும்.

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு, மெத்தென்ற துணி, நன்றாக ஈரம் போகத் துடைத்தல். இது போதும். பாத்திரம் தேய்க்கும் பொடியோ நாரோ வேண்டாம், மேற்பரப்பு கீறிவிடும்.

அக்டோபர் 22

குஷன் விஷயம். இதிலும் நான் பாதிதான் சரி.

பார்லர் ஓனர் டேபிள் ஃபிட்டரை வரவழைத்திருந்தார். பெரியவர், நாற்பது வருடமாக இதே வேலை. நான் ரப்பர் போய்விட்டது அண்ணே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெள்ளைப் பந்தை எடுத்து, கதவுப் பக்க நீளக் குஷனின் ஒவ்வொரு டைமண்டுக்கும் நேராக ஒவ்வொரு முறை கையால் உருட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நகர்ந்தார். மூலையிலிருந்து முதல் இரண்டு இடத்தில் 'டிக்' என்று சுருக்கமாக ஒரு சத்தம். மூன்றாவதில் 'தொம்'. என் கையைப் பிடித்து, குஷனைத் தாங்கும் ரெயில் மரத்தின்மேல் வைத்தார். "இப்போ உருட்டறேன், கையில என்ன தெரியுதுன்னு சொல்லு தம்பி." பந்து மோதியதும் மரம் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. முதல் இடத்தில் அந்த நடுக்கம் இல்லை.

அப்புறம் கீழே படுத்து ஸ்பேனரைப் போட்டார். இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு ரெயிலையும் மூன்று போல்ட்டுகள் ஸ்லேட்டோடு இறுக்கிப் பிடிக்கின்றன, அதில் நடு போல்ட் விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ரெயில் இறுக்கமாக இல்லையென்றால் பந்தின் வேகத்தை மரம் வாங்கிக்கொள்கிறது, ரப்பர் திருப்பிக் கொடுக்க வேண்டியது மரத்தின் நடுக்கத்தில் போய்விடுகிறது. இறுக்கியதும் 'தொம்' போய் 'டிக்' வந்தது. ரப்பரில் குறையே இல்லை. ஆள் ஏறி உட்காரும் ரெயில் இப்படித்தான் தளரும் என்றார். படிக்கட்டுக் கதவுப் பக்கம், வருகிறவன் போகிறவன் எல்லாம் ரெயிலில் சாய்ந்து நிற்கிற இடம். பார்லர்களில் ரெயில்மேல் உட்காராதே என்று கத்துவது மரியாதைக்காக என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

குஷன் மூக்கின் உயரத்தையும் பார்த்தார். அது பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதத்தில் நிற்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 36.3 மில்லிமீட்டர். தாழ்ந்தால் பந்து குதிக்கும், உயர்ந்தால் பந்தைத் துணியோடு அழுத்திவிடும். இந்த டேபிளில் அது சரி.

ஆனால் என் ஐந்து உருட்டல் சோதனையில் இன்னும் ஷார்ட்தான். ஒரு சாண் இப்போது நாலு விரலாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

அக்டோபர் 29

பாக்கெட் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரே மாதிரி அடித்த பந்து ஒரு டேபிளில் விழுந்து இன்னொன்றில் விழாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு பந்துகளை எடுத்து மூலைப் பாக்கெட்டின் வாயில், முனைக்கு முனை நேர்கோட்டில் ஒட்டி வைத்துப் பார். உலகப் பூல் சங்கத்தின் விதியில் மூலைப் பாக்கெட் வாய் நாலரை அங்குலத்திலிருந்து தொடங்குகிறது, அது 114.3 மில்லிமீட்டர், சரியாக இரண்டு பந்து அகலம். பந்துகள் இறுக்கமாக நின்றால் கறாரான டேபிள். நடுவே சுண்டுவிரல் நுழைந்தால் தாராளமான டேபிள். எங்கள் பார்லரில் இரண்டு டேபிள்களிலும் விரல் நுழைகிறது, நான்கில் கொஞ்சம் கூடுதலாகவே.

வாயின் அகலம் மட்டும் இல்லை. குஷன் முனை எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, வாயிலிருந்து குழி வரை ஸ்லேட் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதும் உண்டு. அந்தத் திண்ணை நீளமாக இருந்தால் வாய் அகலமாக இருந்தும் பந்து இரண்டு முனைகளுக்கும் இடையே தாளம் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும். நீளக் குஷனை ஒட்டி உருட்டுகிற ஷாட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். வீட்டுக்கு என்று செய்கிற டேபிளில் வாய் பெரிது, போட்டி டேபிளில் சிறிது. கேள்வி கேட்ட தம்பி, அந்த இன்னொரு பார்லரில் முதலில் இதைப் பார்த்துவிட்டு வா.

நவம்பர் 14

தீபாவளிக்கு மறுநாள் பார்லர் மூடியிருந்தது, அன்றைக்கு மூன்றாம் டேபிளுக்குத் துணி மாற்றினார்கள். நானும் கூடப் போய் நின்றேன், காலை பத்திலிருந்து மாலை வரை.

பழைய துணியை உரித்ததும் அடியில் நீலப் பொடி. இத்தனை வருடம் க்யூ முனையிலிருந்து உதிர்ந்த சாக் எல்லாம் துணியின் இழை வழியாக இறங்கி, ஸ்லேட்மேல் மாவு சலித்த மாதிரி கிடந்தது. முதல் அடியான பிரேக் அடிக்கும் இடத்திலும் பந்துகளை அடுக்க ரேக் வைக்கும் இடத்திலும் துணி கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது, சுற்றியுள்ள இடமெல்லாம் பஞ்சு எழும்பியிருந்தது. ஒரே துணிக்குள் இரண்டு விதமான தரை.

ஸ்லேட் மூன்று பலகை, ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் கனம். இரண்டு பலகை சேரும் கோட்டில் பழைய மெழுகு ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. ஃபிட்டர் அண்ணன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் தகட்டை ஸ்லேட்டோடு படுக்கவைத்து வழித்தார். விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஒரு பலகையின் மூலை தாழ்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார், பழைய கட்டு, ஓரம் மழுங்கியது. மூலைக்கு அடியில் ஒரு சீட்டு, போதவில்லை, இன்னொன்று. ஒரு சீட்டு கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். விதிப்புத்தகம் மட்டத்தில் நீளவாக்கில் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் கால் மில்லிமீட்டர்தான் மாறலாம் என்று கறாராகச் சொல்வதை இவர் ஆட்டின் ஏழையும் கிளாவர் ராணியையும் வைத்துச் சரிசெய்தார்.

துணி இழுப்பதுதான் எனக்குப் புதுப் பாடம். தளர்வாகக் கட்டினால் பந்தின் அடியில் துணி மிகச் சிறிய அலையாக எழும்பி வேகத்தைத் தின்றுவிடுமாம், அதனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து அடித்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே ரகத் துணியை வேறு ஆள் வேறு பலத்தில் இழுத்தாலே இரண்டு டேபிள் வேறாகிவிடும் என்றால் மீதியைக் கேட்கவே வேண்டாம்.

போட்டது பஞ்சு இல்லாத வகை, கம்பளியில் கொஞ்சம் நைலான் கலந்தது. பெல்ஜியத்தில் சிமோனிஸ் என்ற கம்பெனி 1680 முதல் துணி நெய்கிறது, உலகில் பல பெரிய பூல் போட்டிகளில் அதுதான். நல்ல பந்துகளும், அராமித், அதே பெல்ஜியத்தில் வார்ப்பவைதான்.

நவம்பர் 18

புதுத் துணியில் நாலு நாள் ஆடியாயிற்று. என் சோதனையில் மூன்றாம் டேபிள் இப்போது லாங்! நடுப் பாக்கெட்டைத் தாண்டி ஒரு பந்து அகலம் போய் விழுகிறது. ஷார்ட்டுக்குப் பாதிக் காரணம் அழுக்கேறிய பழைய துணிதான் என்று இப்போது தெரிகிறது. குஷன்மேல் போர்த்தியிருப்பதும் அதே துணி, நான் அதை யோசிக்கவே இல்லை. பழைய துணி பந்தைக் குஷனிலேயே பிடித்துக்கொள்ளும், பந்து பக்கவாட்டு வேகத்தை இழந்து குறுகி வெளியே வரும். புதுத் துணியில் வழுக்கிக்கொண்டு விரிந்து வரும்.

டிராவும் பாய்கிறது. வெள்ளை போகும் வழியில் துணி உரசித்தான் பின்சுழற்சி கரைகிறது, வழுக்கும் துணியில் அது கரையாமல் கடைசி வரை தங்குகிறது. நேற்று ஒரு சின்ன டிராவுக்குப் பந்து நேராகப் பின் பாக்கெட்டுக்கே வந்து விழுந்தது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் அடங்கும்.

ஸ்னூக்கரில் எப்படி என்று கேட்டவருக்கு: அது வேறு உலகம். பன்னிரண்டடி டேபிள், ஐந்து பலகை ஸ்லேட், பந்து 52.5 மில்லிமீட்டர், குஷனின் வடிவமே வேறு. துணியில் பஞ்சு உண்டு, அது ஆட்டம் தொடங்கும் பாக் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து பக்கமாகப் படுத்திருக்கும். மெதுவாக உருளும் பந்து அந்தப் பஞ்சுக்கு ஏற்ப வளையும். அதனால்தான் பிரஷ் போட்டு, இஸ்திரி போட்டு வைக்கிறார்கள். பெரிய போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டரே உண்டு, ஈரத்தை விரட்ட.

ஸ்னூக்கரைச் சொன்னால் ஊட்டியைச் சொல்லாமல் விட முடியாது. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் பில்லியர்ட்ஸ் டேபிளில் உருவாக்கிய ஆட்டம், 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகளோடு நிலைபெற்றது. மழையும் குளிரும் உள்ள ஊர். குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் ஒரு டிசம்பர் காலை பில்லியர்ட்ஸ் டேபிளில் ஆடியிருக்கிறேன், முதல் ஒரு மணி நேரம் குஷன் கட்டையாக இருந்தது, வெயில் ஜன்னல் வழியாக ஏறிய பிறகு தானாக உயிர் வந்தது. இது பழைய கதைதான். லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-இல் ஸ்லேட் போட்டார், அடுத்த பத்தாண்டில் ரப்பர் குஷன் கொண்டுவந்தார், ஆனால் குளிரில் அந்த ரப்பர் கல்லாகிவிடும். வெந்நீர் நிரப்பிய உலோகக் கலங்களைக் குஷனோடு வைத்துச் சூடாக்கித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்களாம். ரப்பரைக் கந்தகத்தோடு பதப்படுத்தும் முறைக்கு குட்இயர் 1844-இல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது.

டிசம்பர் 10

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. பார்லர் முதல் மாடியில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் ஷட்டர் மூடி, ஏசி இல்லாமல், அந்த ஈரக் காற்றிலேயே டேபிள்கள் கிடந்தன.

நேற்று திறந்தார்கள். மூன்றாம் டேபிளில் கையை வைத்தேன், துணி காய்ந்தும் காயாத துண்டு மாதிரி இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் லாங்காகப் போன அதே டேபிள், ஐந்து உருட்டலில் ஐந்தும் ஷார்ட். பந்து எதிர்முனை போய் பாதிகூடத் திரும்பவில்லை. நான்காம் டேபிளும் அதே கதிதான், இரண்டுக்கும் முதல்முறையாக வித்தியாசமே இல்லை! கம்பளி ஈரத்தை உறிஞ்சும், அது தெரியும்தான், ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை.

ஏசியை ராத்திரியும் ஓடவிட்டார்கள். இன்று மாலை நான்கு பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று இன்னும் இழுக்கிறது. படிக்கட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் காற்று முதலில் விழுவது அதன்மேல்தானே. அக்டோபரிலிருந்து பந்து, போல்ட், துணி என்று தேடிக்கொண்டிருந்தேன், கதவை ஒருமுறையும் யோசிக்கவில்லை. ஓனரிடம் கதவுக்கு ஸ்பிரிங் போடச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 12

கேரம் ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. ஐப்பசி கார்த்திகையில் போர்டு ஒட்டும், காயின் பாதியில் நின்றுவிடும், போரிக் பவுடரைத் தூவிக்கொண்டே இருப்போம். எங்கள் அப்பா போர்டை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்க விடமாட்டார், பலகை வளைந்துவிடும் என்பார். பூலில் பவுடர் போட முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

டிசம்பர் 24

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். அந்தப் பார்லருக்கு மறுபடி போனாராம், இரண்டு பந்து வைத்துப் பார்த்ததில் பாக்கெட் வாயில் விரல் நுழையவில்லை, துணி புதிது, உருட்டினால் லாங். அதைத் தெரிந்துகொண்டு ஆடியதில் ஏழு ஆட்டத்தில் மூன்று வென்றாராம். நண்பன் இப்போது எல்லா டேபிளிலும் அவருக்கு முன்னால் இரண்டு பந்தை எடுத்து வைத்துப் பார்க்கிறானாம். மகிழ்ச்சி. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கு, எந்த இடத்துக்குப் போனாலும். கொடுப்பார்கள்.

2024 ஜனவரி 6

மூன்றாம் டேபிள் இன்னும் முடியவில்லை.

கதவுக்கு ஸ்பிரிங் வந்துவிட்டது, துணி அடங்கிவிட்டது, உருட்டல் சோதனையில் மூன்றும் நான்கும் இப்போது ஒன்று. ஆனால் நேற்று ஒரு மெதுவான ஷாட்டில் எட்டாம் நம்பர் பந்து பாக்கெட்டுக்கு ஒரு அடி முன்னால் வரை நேராக வந்து, வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து, குஷனில் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி உருட்டினேன், மறுபடி அதே இடத்தில் அதே சாய்வு. வேகமாகப் போனால் தெரியவே தெரியாது, கடைசி ஒரு அடியில்தான் காட்டிக்கொடுக்கிறது. நவம்பரில்தான் மட்டம் பார்த்துச் சீட்டு வைத்தோம், அப்போது சரியாக இருந்தது, நானே பார்த்தேன்.

மெழுகு பெயர்ந்திருக்குமோ என்று விரலை ஓட்டினேன், இல்லை. ரசமட்டத்தில் அந்த மூலை முழுவதுமே தாழ்ந்திருந்தது, பலகை மட்டும் இல்லை, டேபிளே. மார்க்கர் அண்ணன் குனிந்து, டேபிள் கால் நிற்கும் தரை டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினார். சுற்றியுள்ள டைல்ஸ் எல்லாம் 'டிக்'. காலுக்கு அடியில் இருந்தது 'தொம்'. கீழே சிமெண்ட் பிடிக்கவில்லை, வெற்றிடம், டேபிளின் கனத்தில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டிருக்கிறது.

தம்பி, உன் நண்பனிடம் சொல், இங்கே கூடமேதான் கோணல்.

ஓனர் டைல்ஸை உடைத்துப் பூசச் சம்மதித்துவிட்டார், ஆனால் பொங்கல் கழித்துத்தான். அதுவரைக்கும் ஒப்பேற்ற வியாழக்கிழமை ஃபிட்டர் அண்ணன் வருகிறார். அவருடைய சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டு குறைகிறதாம், வீட்டிலிருந்து ஒரு கட்டு எடுத்துப்போகிறேன்.